மேற்கு மூலையில் ஒரு ஜாகை

ஜார்ஜ் டவுன்
26 பிப்ரவரி 2024

அன்புள்ள நோர்மா,

புத்தகத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அதை நேரில் வாங்கிக்கொள்ள நீ வரவில்லை. வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் உனக்கென்று ஒரு நாற்காலி போடச் சொல்லியிருந்தேன். யாரோ அதில் கைப்பையை வைத்துவிட்டார்கள். நான் பேசி முடிக்கும்வரை அந்தக் கைப்பைதான் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. உனக்கு முழங்கால் வலி என்று உன் மகன் ஹைதர் சொன்னான். உன் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் மண்டபத்தில் கேட்கும். நான் ஜார்ஜ் டவுனிலிருந்து மலைப்பாதையின் அத்தனை வளைவுகளையும் தாண்டி வந்தேன். என் முழங்கால் உன்னுடையதைவிட இளையது அல்ல.

போகட்டும். தெலுக் லொக்கான் குடியிருப்போர் சங்கம் என்னிடம் கேட்டது சுற்றுலாப் பயணிகள் கையில் கொடுக்க ஒரு துண்டுத்தாள். நான் சரித்திரம் எழுதிக் கொடுத்தேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் நானே மெய்ப்புப் பார்த்தேன். இப்போது வருகிறவர்கள் அறை வாடகையும் வைஃபையும் கேட்கிறார்கள், இரண்டு நாள் படுத்துக் கிடக்கிறார்கள், போகிறார்கள். பாதையே இல்லாத காலத்தில் இந்த ஊர் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. விடுமுறை வந்தால் துரைமார் குளிருக்கு மலைமேல் போனார்கள். துரைமாரிடம் கணக்கெழுதிய கிராணிகளுக்குப் போக இடம் இல்லை. என் மாமனார் நாதன் கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணி. "நமக்கும் காற்று வேண்டாமா?" என்று கேட்டு, படகில் மட்டுமே போகக்கூடிய இந்தக் குடாவில் ஒரு தென்னந்தோப்பை வாங்கி, பலகை பங்களா ஒன்று கட்டினார். அதைப் பார்த்துத் தபால் நிலையத்தார் வந்தார்கள், ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸர் வந்தார், பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள். கிராணிகள் உண்டாக்கிய கடற்கரை இது. அதை ஒருவராவது எழுதி வைக்க வேண்டாமா?

நீ எழுதிக் கொடுத்த பக்கத்தை "முதல் தேநீர்க்கடை" என்ற தலைப்பில் போட்டிருக்கிறேன். உன் கருத்தில் கைவைக்கவில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். கான்வென்டில் நமக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கவில்லை, அதற்கு நீ பொறுப்பல்ல. சிஸ்டர்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதற்காகவே நாம் தமிழில் சீட்டு எழுதப் பழகினோம். எனக்காவது அம்மா உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். நீ மளிகைச் சீட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய்.

படித்துவிட்டு எழுது. போன் செய்யாதே. போனில் நீ கத்துகிறாய்.

அன்புடன்
ஆலிஸ்


தெலுக் லொக்கான்
18 மார்ச் 2024

மரியாதைக்குரிய திருமதி வில்லியம் அவர்களுக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது என்று சும்மா இருந்தேன். உள்ளேயே வைத்துக்கொண்டிருப்பதும் நோன்புக்கு நல்லதில்லை என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் புத்தகம் கிடைத்தது. அட்டை அழகு. காகிதமும் நல்ல காகிதம்.

நான் எழுதிக் கொடுத்தது இது: "நாதன் ஐயா என் வாப்பாவைக் கூப்பிட்டு, தோப்பின் மேற்கு மூலையைக் காட்டி, சீனி, இனிமேல் இதுதான் உனக்கு ஜாகை என்றார்." புத்தகத்தில் இருப்பது இது: "சீனி, இனிமேல் இதற்கு நீதான் ஜாகா என்றார்."

நான் சொன்னது குடியிருக்கும் இடத்தை. நீங்கள் போட்டிருப்பது காவல்காரனை. இதை எழுத்துப் பிழை என்று சொல்கிறீர்கள். ஒரு எழுத்தை மாற்றியது உங்களுக்குப் போதவில்லை, வாக்கியத்தையே பிடித்துத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. மலாயில் ஜாகா, ஆங்கிலத்தில் வாட்ச்மேன். மூன்று மொழியிலும் என் வாப்பா சீனி முகம்மதை உங்கள் மாமனாரின் பங்களா வாசலில் நிறுத்திவிட்டீர்கள். பேத்தி நஸீஹா ஆங்கிலப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு, "என்ன நன்னி, கடை முதலாளின்னு சொன்னீங்க, வாட்ச்மேனா?" என்று சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை. அச்சில் இருக்கிறது.

நீங்கள் எழுதாததை நான் சொல்கிறேன். முதல் ஈஸ்டருக்கு நாதன் ஐயா கூட்டிவந்த ஆட்கள் அரிசி கொண்டுவந்தார்கள், கோழி கொண்டுவந்தார்கள், கிராமபோன்கூடக் கொண்டுவந்தார்கள். விறகு நனைந்துவிட்டது. பாலிக் புலாவ் பக்கம் சம்பான் படகில் ரொட்டி விற்றுக்கொண்டு போன வாப்பாதான் கரையில் ஒதுங்கி அடுப்பு மூட்டிக் கொடுத்தார். மறு வருஷம் அவர்கள் வருவதற்கு முன்பே நாதன் ஐயா ஆளனுப்பி வாப்பாவை வரச் சொன்னார். மூன்றாம் வருஷம் மேற்கு மூலையைக் கொடுத்தார். நான் அப்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் காதால் கேட்டது. வாப்பா அவரிடம் ஒரு மாதம்கூடச் சம்பளம் வாங்கியதில்லை. சம்பளம் இல்லாத ஜாகாவை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

கடல் இந்தத் தீவைச் சுற்றி எங்கேயும் இருந்தது. சூடான தேநீர் இந்தக் குடாவில் மட்டும்தான் இருந்தது. ஜனங்கள் அதற்காகவும் வந்தார்கள்.

பெட்டியில் இருக்கும் பிரதிகளில் அந்த வரிமேல் ஒரு சின்னத் தாள் ஒட்டச் சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு
நோர்மா சீனி முகம்மது


ஜார்ஜ் டவுன்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள நோர்மா,

திருமதி வில்லியம் என்று கூப்பிட்டால் நான் நடுங்கிவிடுவேன் என்று நினைத்தாயா? அந்தப் பெயருக்குத்தான் வீட்டு வரி நோட்டீஸ் வருகிறது. பழகிப்போய்விட்டது.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பினாங்கில் எந்தத் தெருவிலாவது நின்று "ஜாகை எங்கே?" என்று கேட்டுப் பார். கேட்டவன் ஓடிப்போய் வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வருவான். இந்த நாட்டில் ஜாகா என்றால் காவல்காரர், குழந்தைக்கும் தெரியும். அந்தச் சொல்லைப் படிப்பவர் எப்படிப் புரிந்துகொள்வாரோ அப்படித்தான் நான் திருத்த வேண்டும். சொல்லை மாற்றிய பிறகு பழைய வாக்கியம் இலக்கணப்படி நிற்காது, அதனால் அதையும் மாற்றினேன். முப்பது வருஷம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். இதை அதற்குமேல் பெரிதாக நினைக்கவில்லை.

காவல் வேலை வெட்கப்படுவதற்குரிய வேலையும் அல்ல. இயேசுவை வளர்த்த சூசையப்பரே தச்சு வேலை செய்தார்.

ஒட்டுத்தாள் போட முடியாது. பஞ்சர் ஒட்டிய டயர் மாதிரி ஆகிவிடும். சங்கத்தாரும் பாதிப் பிரதிகளை ஹோட்டல்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

உன் வாப்பாவை நான் மதிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே. அந்தக் குடாவுக்கு நான் முதன்முதலில் வந்ததே உன் வீட்டுக்கு, உன் தோழியாக. பள்ளி விடுமுறையில் உன் உம்மா எனக்குத் தனிப் பாய் போட்டார்கள். வில்லியமை நான் பார்த்ததும் உங்கள் கடை பெஞ்சில்தான். பிறகு நான் அந்த பங்களாவுக்கு மருமகளாகப் போனேன். அது ஒன்றும் நான் செய்த குற்றமில்லையே.

இந்த ஆண்டு நோன்புக் கஞ்சி வரவில்லை. பாயான் பாரு தொழிற்சாலையில் ஹைதருக்கு வேலை அதிகமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஈஸ்டருக்குச் செய்த கேக்கில் உன் பங்கை எடுத்து வைத்திருந்தேன். இன்று காலை அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஆலிஸ்


தெலுக் லொக்கான்
20 மே 2024

திருமதி வில்லியம் அவர்களுக்கு,

இதை நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஹைதர் எழுதச் சொன்னான்.

பெர்த்தில் இருக்கும் உங்கள் கொழுந்தன் மகன் பங்களாவையும் தோப்பையும் விற்றது உங்களுக்குத் தெரியும். பட்டணத்து வீடு உங்கள் வீட்டுக்காரருக்கு, தோப்பு அவர் தம்பிக்கு என்று நாதன் ஐயா பிரித்தார். அதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிய கம்பெனி ஹோட்டல் கட்டப்போகிறது. மேற்கு மூலை நாதன் ஐயா கொடுத்த இடம், அதில் இருப்பவர்கள் இருக்கட்டும் என்று ஊரே அவர்களிடம் சொன்னது. அவர்களும் தலையாட்டினார்கள். நிலப் பத்திரமான கிராண்டில் இருந்தது நாதன் ஐயா பெயர்தான். எங்களிடம் காகிதம் கிடையாது. கொடுத்தவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு பேருக்கும் அது அசிங்கமாகப் பட்டிருக்கும்.

இப்போது அவர்களுடைய வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ஊர்ச் சங்கமே வெளியிட்ட சரித்திரத்தில், எங்கள் குடும்பமே எழுதிக் கொடுத்த பக்கத்தில், சீனி முகம்மது ஜாகாவாக வைக்கப்பட்டார் என்று இருக்கிறதாம். ஜாகாவுக்கு விட்ட வீடு ஜாகா வேலையோடு முடிந்துபோகும். ஆகவே வருஷக் கடைசிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். பக்க எண்ணும் போட்டிருக்கிறார்கள்.

கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. புத்தகத்தில் இருப்பது தவறென்று தெரிந்தால் மூலையை விட்டுவிடுகிறோம், ஊரோடு எங்களுக்குச் சண்டை வேண்டாம் என்கிறார்கள். ஜூன் 22, சனிக்கிழமை, மண்டபத்தில் கூட்டம். ஊர்த் தலைவர் பெங்ஹுலு வருவார், சங்கத்தார் வருவார்கள், அவர்கள் வழக்கறிஞரும் வருவார்.

ஹைதர் சொன்னது இதுதான்: "எழுதினவங்களே வந்து சொல்லட்டும்மா." நான் அதை உங்களுக்குத் தெரிவிக்கிறேன். அவ்வளவுதான்.

நோர்மா


ஜார்ஜ் டவுன்
23 மே 2024

நோர்மா,

உன் கடிதம் இன்று வந்தது. உடனே எழுதுகிறேன்.

நான் வருவேன். இதைக் கேட்கவே வேண்டியதில்லை. இப்படி ஒரு காரியத்துக்கு அந்தப் பக்கம் பயன்படும் என்று யார் கண்டார்கள்? சுற்றுலாப் பயணிகள் விசிறிக்கொள்வதற்கு எழுதிய புத்தகம் அது.

சங்கத் தலைவரிடம் பேசினேன். கம்பெனி வழக்கறிஞர் யார் தெரியுமா? சுபாஷினி. என் மாணவி. படிவம் மூன்றில் என் வகுப்பில் முன் பெஞ்சில் இருந்தவள், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். நான் சொன்னால் கேட்பாள். அது அச்சுப்பிழை என்று சொல்லிவிடுகிறேன். அச்சகத்துக்காரர் ஷர்வின் சாதுவான மனிதர், ஒன்றும் சொல்ல மாட்டார். விஷயம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

அன்றைக்கு நல்ல துணி உடுத்திக்கொண்டு வா. அந்தப் பச்சைப் பாஜு குரோங் உனக்கு நன்றாக இருக்கும். கூட்டத்தில் அழாதே.

ஆலிஸ்


தெலுக் லொக்கான்
1 ஜூன் 2024

ஆலிஸ்,

அச்சுப்பிழை என்று சொல்லாதே. ஷர்வின் அடித்துக் கொடுத்தது நீ கொடுத்ததைத்தான். அவர் பிழைப்பில் எதற்கு மண்? அதோடு அது நிற்காது. ஒரு எழுத்து மாறினால் அச்சுப்பிழை. வாக்கியம் தானாகத் திரும்பிப் படுக்குமா? சுபாஷினி உன் மாணவி என்றால் அதை அவளே முதலில் கேட்பாள்.

நீ சொல்ல வேண்டியது சின்ன விஷயம். "எனக்கு அந்தச் சொல் தெரியாது, தெரியாமல் மாற்றிவிட்டேன்" என்று சொல். அதற்குமேல் எவரும் கேட்க மாட்டார்கள். கான்வென்டில் படித்தவர், தமிழ் அவ்வளவாகப் பழக்கமில்லை, நோர்மா பேச்சுவழக்கில் எழுதியது விளங்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். பெங்ஹுலுவுக்கு அது போதும் என்று ஹைதர் கேட்டு வந்திருக்கிறான்.

அது உண்மையா இல்லையா என்று நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. கூட்டத்துக்குப் பிறகும் கேட்க மாட்டேன். நான் வரவும் மாட்டேன். நீ அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் உனக்குக் கஷ்டம். வீட்டில் இருக்கிறேன். முடிந்ததும் இங்கே வா. மீ கோரெங் செய்து வைக்கிறேன், உன் டாக்டரிடம் சொல்லாதே.

நோர்மா


ஜார்ஜ் டவுன்
24 ஜூன் 2024

அன்புள்ள நோர்மா,

சனிக்கிழமை நான் உன் வீட்டுக்கு வரவில்லை. மண்டபத்து வாசலில் நின்று உன் ஜன்னலைப் பார்த்தேன். விளக்குப் போட்டிருந்தாய், பகலிலேயே. பிறகு காரில் ஏறிவிட்டேன். ஹைதர் இதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

சுபாஷினி எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னாள். "மிஸ்" என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். நான் எழுதிக் கொண்டுபோனதைப் படித்தேன். புத்தகத்தில் உள்ள அந்த வரி தவறு, மூலத்தில் ஜாகை என்று இருந்தது, அந்த இடம் சீனி முகம்மதுவுக்குக் குடியிருக்கக் கொடுக்கப்பட்டது என்று. பெங்ஹுலுவுக்கு ஒருவர் மலாயில் சொன்னார். அவர் தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாகவே போனது.

பிறகு சுபாஷினி மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டாள். "மிஸ், புத்தகம் போடும்போது ஜாகை என்ற சொல் உங்களுக்குத் தெரியாதா?"

நீ எழுதிக் கொடுத்ததை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாக்கில்தான் இருந்தது. மண்டபத்தில் என் பழைய மாணவிகள் இருந்தார்கள், சங்கத்தார் இருந்தார்கள். வில்லியமின் படம்கூடச் சுவரில் இருந்தது, பழைய தலைவர் என்று. "தெரியாமல் என்ன?" என்றேன்.

அதோடு நின்றேனா? இல்லை. அர்த்தம் சொன்னேன். தங்கும் இடம், இருப்பிடம் என்று சொன்னேன். என் அம்மா வாயில் தினமும் புழங்கிய சொல் என்றேன். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து எங்கள் முதல் ஜாகை செயின்ட் பிரான்சிஸ் சேவியர் கோவிலுக்குப் பின்தெரு என்று அவர் சொல்வார், அதைக்கூடச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை, நோர்மா. நானாகச் சொன்னேன்.

சுபாஷினி பேனாவை மூடி வைத்தாள். அவளுக்கே அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். "அப்போ ரெண்டு சொல்லும் தெரிஞ்சு, யோசிச்சு, ஜாகாதான் சரின்னு போட்டீங்க" என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்து, "மிஸ் ஒரு சொல்லை அர்த்தம் தெரியாம மாத்த மாட்டாங்க. இங்க அவங்ககிட்ட படிச்ச எல்லாருக்கும் தெரியும். இன்னைக்குச் சொல்றது அவங்க தோழிக்காக. அது நல்ல மனசு. ஆனா புத்தகத்துல இருக்கறதுதான் அவங்க யோசிச்சு எழுதினது" என்றாள்.

பின்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அதை நான் எனக்கான பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு கணம்தான். ஆனால் நிமிர்ந்தேன்.

அதன் பிறகு எவ்வளவோ சொன்னேன். சம்பளம் வாங்காததைச் சொன்னேன், நீ விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். கிழவி உணர்ச்சிவசப்படுகிறாள் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹைதர் என்னைக் கார்வரை கூட்டிக்கொண்டு போனான். மழை தூறியது, குடை பிடித்தான். "பார்த்து ஏறுங்க ஆன்ட்டி" என்று கதவைச் சாத்தினான்.

நீ என்னைக் கேட்க மாட்டேன் என்றாய். கேட்டிருந்தாலும் இலக்கணம் என்றுதான் சொல்லியிருப்பேன். இந்த இரண்டு நாளாக அந்தப் பழைய வாக்கியத்தை எழுதி எழுதிப் பார்க்கிறேன். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

ஆலிஸ்


ஜார்ஜ் டவுன்
12 ஆகஸ்ட் 2024

நோர்மா,

பதிலை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும். தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கேட்வரை போகிறேன்.

சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்திட்டுக் கம்பெனிக்கு அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது. சங்கத்தாரிடம் மிச்சமிருந்த பிரதிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். பெட்டிகள் என் முன்னறையில் இருக்கின்றன, வருகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஹோட்டல்களுக்குப் போன பிரதிகளைத் திரும்பப் பெற முடியாது என்றார்கள். ஒரு ஹோட்டலுக்கு நானே போய்க் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் எனக்கு ஒரு பிரதியை இலவசமாகக் கொடுத்து, "மிகவும் நன்றாக எழுதியிருக்கிறார்கள், ஆன்ட்டி" என்றாள்.

சென்ற வாரம் தெலுக் லொக்கானுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. லாரி வந்துபோனதாகப் பக்கத்தில் சொன்னார்கள். கடை பெஞ்சை வெளியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு குடும்பம் வந்து, கடை எப்போது திறக்கும் என்று என்னைக் கேட்டது. எனக்குத் தெரியாது என்றேன். அப்போது அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

ஹைதர் விலாசம் கொடுத்தான். நான் வந்து உன்னைப் பார்க்க வேண்டும். எந்த நாள் வரலாம்?

ஆலிஸ்


பாயான் பாரு
9 செப்டம்பர் 2024

அன்புள்ள ஆலிஸ்,

எழுதவில்லை என்று கோபப்படாதே. கண்ணாடி எந்தப் பெட்டியில் போனது என்று தெரியாமல் இருந்தது. அதுவும் ஒரு காரணம்தான்.

கூட்டத்தைப் பற்றி ஹைதர் வந்து சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். "தெரியாமல் என்ன?" என்று நீ தலையைத் தூக்கிச் சொன்னது எனக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது. சிஸ்டர் கணக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாய், பிறகு என் ஸ்லேட்டை எட்டிப் பார்ப்பாய். தெரியாது என்று நீ சொல்லி இந்த எழுபது வருஷத்தில் நான் கேட்டதில்லை. உன்னிடம் போய் அதைக் கேட்டேனே, அது என் புத்திக்குறைவு. சிரித்து முடித்த பிறகு, செய்து வைத்திருந்த மீ கோரெங்கை மூடி வைத்தேன். மறுநாள் காலையில் கொட்டினேன்.

காலி செய்து தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டது நான்தான். ஹைதர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றான். போனால் என் வாப்பா ஜாகாவா இல்லையா என்று வக்கீல்கள் மாறிமாறிப் பேசுவார்கள், அதை நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன். அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். சாமான் ஏற்ற ஆள்கூட அனுப்பினார்கள்.

ஒன்று சொல்கிறேன், சிரி. புது ஹோட்டலின் படத்தை நஸீஹா போனில் காட்டினாள். மேற்கு மூலையில் காப்பிக் கடை வரப்போகிறது. அதற்குப் பெயர் ஜாகா கார்னர். உன் புத்தகத்திலிருந்து இரண்டு வரி எடுத்துச் சுவரில் எழுதப்போகிறார்களாம். பழைய சரித்திரம் இருந்தால் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிக்குமாம்.

இங்கே ஒன்பதாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைகள். வேலை மாறும் நேரத்தில் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, பெண்பிள்ளைகள் நீலச் சட்டையோடு இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போகாது. கடல் தெரியாது. கடல் இல்லாமல் தூக்கம் வராது என்று பயந்தேன், வருகிறது. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஏன் அதைச் செய்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா? ஆனால் பாய் போட்டது என் உம்மா இல்லை. என் உம்மா அப்போது சுகமில்லாமல் இருந்தார்கள். உனக்குத் தினமும் பாயை விரித்து வைத்தது வாப்பா. அடுத்த பதிப்பு போட்டால் அதை எழுது.

எந்த நாள் வரலாம் என்று கேட்டிருக்கிறாய். அங்கே இருந்தவரை நீ இப்படிக் கேட்டதும் இல்லை, நான் நாள் சொன்னதும் இல்லை. கார் வந்து நின்றால் இன்னொரு கிளாஸ் எடுத்து வைப்பேன். இது ஹைதர் வீடு. அவன் மனைவி நல்லவள், எனக்கு ஜன்னல் ஓரத்து அறையைக் கொடுத்திருக்கிறாள். ஆனால் ஒருவரை வரச் சொல்வதென்றால் நான் முதலில் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டால் வரட்டும் என்றுதான் சொல்வான். உன்மேல் அவனுக்கு வருத்தம் உண்டு, வீட்டுக்கு வருகிறவரை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளை இல்லை.

அவனிடம் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கேட்டதும் எழுதுகிறேன்.

நோர்மா